உயரம் ஏறாத பாடத்திட்டம்

பரமத்தி வேலூரைச் சுற்றியுள்ள காவிரிக்கரை ஊர்களிலும் கொங்கு நாட்டின் பிற பகுதிகளிலும் அண்மை ஆண்டுகளில் வள்ளி கும்மிப் பயிற்சி பெரிதும் பரவியிருக்கிறது. மாலை வேளையில் கோயில் திடலில் ஆசிரியர் பாட்டெடுக்க, பள்ளிச் சிறுமியரும் குடும்பப் பெண்களும் ஆண்களும் வட்டமாக நின்று அடவு பழகி, சில மாதங்களில் ஊரார் முன்னிலையில் அரங்கேற்றம் காண்கின்றனர். இக்கலையை நெடுங்காலம் கற்பித்துவந்த மேட்டுப்பாளையம் பகுதியைச் சேர்ந்த பத்திரப்பனுக்கு 2024ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்ட பின்னர், வள்ளி கும்மிக்கு ஊருக்கு வெளியேயும் மதிப்பு கூடியுள்ளது. ஆயினும் அரங்கேற்றம் முடிந்த மறுநாள், ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ள விரும்பும் பிளஸ் டூ மாணவியொருவர் எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பில் சேர வேண்டும் என்று கேட்டால், விடை சொல்வது எளிதன்று.

சேலத்திலுள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளி குரலிசை, நாகசுவரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றோடு பரதநாட்டியத்தையும் கற்பிக்கிறது. அதற்கு மேல் படிக்க விரும்புவோருக்குக் கோயம்புத்தூர் உள்ளிட்ட நகரங்களில் அரசு இசைக் கல்லூரிகளும், சென்னையில் 1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய கலாக்ஷேத்திராவும் உள்ளன. இவற்றில் நடனம் என்றால் பெரும்பாலும் பரதநாட்டியமே. நாடகம் பயில வேண்டுமாயின் தஞ்சாவூருக்கோ புதுச்சேரிக்கோ செல்ல வேண்டும். கயிற்றிலும் தொங்கும் துணியிலும் வளையத்திலும் உடலை நிறுத்தி ஆடும் வான்வெளி ஆட்டத்துக்கோ, வசனத்தை நம்பாமல் உடலசைவைக் கொண்டே கதையையும் உணர்ச்சியையும் காட்டும் உடல்வழி நாடகத்துக்கோ இப்பட்டியலில் தனியிடம் இல்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடனம், நாடகம், வான்வெளி ஆட்டம் மூன்றையும் ஒரே கூரையின்கீழ் கற்பிக்கும் உயர்கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. மான்ட்ரியாலின் தேசிய சர்க்கஸ் பள்ளி 1981இலும், பிரான்சின் ஷாலோன் நகரத்துத் தேசிய சர்க்கஸ் கலை மையம் 1985இலும் தோன்றின. அங்கே பல்டியோடும் ட்ரபீஸோடும் நடனமும் நடிப்பும் சேர்ந்தே பாடமாகின்றன.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கூட்டு புதிதன்று என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. தெருக்கூத்தில் வேடம் கட்டுபவர் பாட வேண்டும், பேச வேண்டும், கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் மார்ப்பதக்கத்தையும் சுமந்தபடி விடியும்வரை ஆடவும் வேண்டும். கிர்க்கி எனப்படும் சுழற்சியில் அவர் தம்மைத் தாமே சுற்றிக்கொண்டே களரி எனும் ஆடுகளத்தையும் வலம் வருவார். அந்தச் சுழற்சி முடிந்த கணத்திலேயே மூச்சிரைப்பு தெரியாமல் அடுத்த அடியை எடுத்துப் பாடியாக வேண்டும் என்பதால், கால்பயிற்சியும் குரல்பயிற்சியும் கூத்தில் பிரிந்து நிற்பதில்லை. திரௌபதி அம்மன் கோயில்களின் பாரத விழாவில் இடம்பெறும் ‘அர்ச்சுனன் தபசு’ இதற்கும் ஒரு படி மேலே செல்கிறது. சிவனிடம் பாசுபதம் வேண்டித் தவமிருக்கப் போகும் அர்ச்சுனனாக வேடமிட்டவர், நட்டு நிறுத்திய நெடும்பனையில் அடித்த படிகளில் ஒவ்வொன்றாகப் பாடிப் பாடி ஏறி, உச்சிப் பரணில் நின்று பூசை செய்து, எலுமிச்சையையும் பூவையும் திருநீற்றையும் கீழே வீசுகிறார். பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் அவற்றை மடியேந்திப் பிடிக்கின்றனர். கீழே வலை கிடையாது, இடுப்பில் கயிறும் கிடையாது. கயிற்றின்மேல் ஆடுவோரையும் அவர்களுக்குக் கொட்டப்படும் பறையையும் குறுந்தொகையின் ஏழாம் பாடலே குறிப்பிடுகிறது என்றால், உயரத்தில் ஆடும் கலை இந்நிலத்தில் எவ்வளவு பழையது என்பது விளங்கும்.

நாடகப் பயிற்சிக்கென உறைவிடப் பள்ளியை ஒத்த அமைப்பும் இங்கே இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் பிற பாய்ஸ் கம்பெனிகளும் சிறுவர்களைத் தங்கவைத்து ஆட்டம், பாட்டு, வசனம் அனைத்தையும் கற்பித்தன, டி.கே.எஸ். சகோதரர்கள் அப்படி உருவானவர்களே. அக்கம்பெனிகளின் கண்டிப்பில் கொடுமையும் கலந்திருந்ததை மறைக்க வேண்டியதில்லை.

பல்கலைக்கழகம் ஒன்று கூத்தை ஏட்டளவில் ஆராய்வதோடு நில்லாமல் மாணவர் உடலில் ஏற்றிக்கொண்டதற்குத் தெளிவான சான்று இலங்கையின் பேராதனையில் கிடைக்கிறது. அங்கே சிங்களப் பேராசிரியர் சரச்சந்திர, நாடகம எனப்படும் மரபு வடிவத்தைக் கொண்டு 1956இல் ‘மனமே’யை மேடையேற்றிப் பெரும் வெற்றி கண்டார். தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை அதேபோல் மாணவரைக் கொண்டு மேடைக்குக் கொண்டுவர முனைந்தார். ‘கர்ணன் போர்’ 1962இலும், ‘நொண்டி நாடகம்’ அடுத்த ஆண்டிலும், அவற்றைத் தொடர்ந்து ‘இராவணேச’னும் அரங்கேறின. அண்ணாவியார் என அழைக்கப்படும் கூத்தாசிரியர்களிடம் மாணவர் ஆட்டம் பழகினர். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பிற்காலத்தில் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றுப் பேராசிரியரானார்.

பேராதனையில் எழுந்த சிக்கல் நுட்பமானது. ஊரில் கூத்து வட்டக்களரியில் நிகழ்வது. பார்ப்போர் நான்கு பக்கமும் அமர்ந்திருப்பதால் ஆடுபவருக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற வேறுபாடே இல்லை, அடவுகளும் வட்டத்தை நிரப்பும்படியே அமைந்தவை. படச்சட்டம் போன்ற மேடைக்கு வந்ததும் எல்லோரும் ஒரே திசையிலிருந்து பார்க்கின்றனர். எனவே நிற்கும் இடமும் திரும்பும் கோணமும் கூட்டமாக ஆடும் ஒழுங்கும் புதிதாக அமைக்கப்பட வேண்டியதாயிற்று. விடிய விடிய ஆடியது ஓரிரு மணி நேரமாகச் சுருங்கியது. நகரத்தாருக்காகக் கூத்து நறுக்கப்பட்டது என்ற குறை அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் படித்தவர் இழிவாகக் கருதிய ஆட்டத்தைப் பல்கலைக்கழக மாணவர் காலில் சலங்கை கட்டி ஆடியதனால் விளைந்த மதிப்பை அந்த இழப்போடு சேர்த்தே எடைபோட வேண்டும். பின்னாளில் மட்டக்களப்பின் கிழக்குப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை, நடனம், நாடகம் மூன்றும் பட்டப்படிப்புகளாக நடைபெறுவதற்கும் இத்தகைய முயற்சிகளே நிலம் பண்படுத்தின.

தமிழ்நாட்டில் இப்போக்கு 1970களின் பிற்பகுதியில் வேகம் பெற்றது. தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற சே. இராமானுஜம் காந்திகிராமத்தில் நடத்திய நாடகப் பயிற்சிகளும், 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையும் நடிகரின் உடலையே முதற்கருவியாகக் கொண்டன. 1981இல் நிறுவப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத்துறையில் இராமானுஜமும் மு. இராமசாமியும் பணியாற்றினர், கிரேக்கத் துன்பியல் நாடகமொன்றை ஒப்பாரியின் அசைவுகளோடு இணைத்த ‘வெறியாட்டம்’ இராமானுஜத்தின் புகழ்பெற்ற ஆக்கம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே அமைந்த நாடகப் பள்ளியை இந்திரா பார்த்தசாரதி தொடக்கத்தில் வழிநடத்தினார். நாட்டார் கலை ஆய்வாளர் கே.ஏ. குணசேகரனும் பின்னர் அதற்குத் தலைமை வகித்தார்.

இருப்பினும் துணிச்சலான சோதனைகள் பல்கலைக்கழக மதிலுக்கு வெளியேதான் மிகுதியும் நிகழ்ந்தன. சந்திரலேகா 1985இல் ‘அங்கிகா’வில் பரதத்தைக் களரிப்பயற்றோடும் யோகத்தோடும் பிணைத்தார். வீணாபாணி சாவ்லாவின் ஆதிசக்தி, புதுச்சேரிக்கருகே கூடியாட்டத்தின் மூச்சுப் பயிற்சியையும் களரிப்பயற்றையும் நடிகருக்குப் பாடமாக்கியது. காஞ்சிபுரம் அருகே பெ. ராஜகோபால் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம், ஆண்களே பெண் வேடமும் கட்டிவந்த கூத்தைப் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிப் படிப்போடு சேர்த்துக் கற்பித்து, 2020இல் நிறுத்தப்பட்டது.

உயரத்தில் ஆடுவதற்கான பயிற்சி மட்டும் இவ்விரு வழிகளிலும் பெரும்பாலும் சேராமல் சர்க்கஸ் கூடாரத்தில் தங்கிவிட்டது. கேரளத்தின் தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் தொடங்கிய பயிற்சிக்கூடத்திலிருந்தே இந்தியச் சர்க்கஸின் பெரும் பரம்பரை கிளைத்தது. அந்தப் பரம்பரை சிறு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்குவதை நம்பியிருந்தது. பிள்ளைகள் சுரண்டப்பட்டதைக் கண்ட உச்சநீதிமன்றம் 2011இல் சர்க்கஸில் சிறாரைப் பணியமர்த்துவதைத் தடுத்தது. தடை நியாயமானது. ஆனால் பழைய வழி அடைபட்டபின், பதினெட்டு வயதில் தொடங்குபவருக்குப் பாதுகாப்பாகக் கற்பிக்கும் புதிய வழி போதுமான அளவில் திறக்கப்படவில்லை.

பாதுகாப்பு என்பது மெத்தை விரிப்பதோடு முடிவதன்று. ஐம்பது கிலோ எடையுள்ளவர் கயிற்றில் அசையாமல் தொங்கினால் கயிறு தாங்குவது ஐம்பது கிலோ. அவரே கயிற்றைக் கிடைமட்டமாகப் பிடித்திருந்து ஊஞ்சலாக வீசி இறங்கினால், அடிப்புள்ளியைக் கடக்கும் நொடியில் கயிற்றின்மேல் விழும் இழுவிசை அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது 150 கிலோ எடைக்குச் சமம். துணியைச் சுற்றிக்கொண்டு உருண்டு விழுந்து சட்டென்று நிற்கும்போது அது இன்னும் கூடலாம். ஆகவே விட்டத்தின் வலிமையையும் கொக்கியின் தாங்குதிறனையும் கணக்கிடுவது, கயிறு தேய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் தடவிப் பார்ப்பது, தோள்மூட்டைக் காயமின்றி வலுப்படுத்துவது ஆகியனவும் இப்படிப்பின் பாடங்களே. தபசு மரம் ஏறுபவரின் அனுபவ அறிவு இவற்றில் பலவற்றை உள்ளடக்கியதுதான். எழுத்தில் இல்லாததால் அது அவரோடே போய்விடுகிறது.

இன்றைய நிலையில் மரத்திலும் கயிற்றிலும் ஏறி ஆடும் பயிற்சி தமிழ்நாட்டு மாணவருக்குப் பெரும்பாலும் மல்லர்கம்பம் என்னும் விளையாட்டின் வழியாகவே கிடைக்கிறது. நட்ட மரம், தொங்கும் மரம், கயிறு என மூவகைப்படும் இதில் விழுப்புரம் பெயர் பெற்றது. கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளிலும் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளிலும் இது இடம்பெறுகிறது. அங்கே உடற்கல்வித்துறையின் மைதானத்தில் கயிற்றில் தலைகீழாக நிற்பவருக்குப் பதக்கம் உண்டு. நாடகத்துறையின் மதிப்பெண் பட்டியலில் அந்த ஏற்றத்துக்கு இன்னும் ஒரு தாள்கூட ஒதுக்கப்படவில்லை.