எடை குறைஞ்சாச்சு... ஆனா தொப்பை மட்டும் ஏன் போகமாட்டேங்குது?

3 மாதமாகக் கட்டுப்பாட்டோடு சாப்பிடுகிறீர்கள். வாரத்துக்கு 3 நாள் ஓடுகிறீர்கள். எடை 5 கிலோ குறைந்திருக்கிறது. குடும்ப விசேஷத்தில் பார்த்த அத்தைகூட "என்னப்பா, முகமெல்லாம் வாடிப்போச்சு? ஒழுங்கா சாப்பிடறியா இல்லையா?" என்று கேட்டுவிட்டார்.

ஆனால் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றால், முகம் மெலிந்திருக்கிறது, கை மெலிந்திருக்கிறது, தொப்பை மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

"இவ்வளவு செஞ்சும் இதுதானா?" என்று பலர் கைவிடும் கட்டம் இதுதான். கைவிடக்கூடாத கட்டமும் இதுதான். ஏன் தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பெரிய மாற்றம் ஏற்கெனவே தொடங்கியிருக்கலாம்.

வயிற்றில் இருப்பது ஒரே கொழுப்பு அல்ல

வயிற்றுப் பகுதியில் இரண்டு வகைக் கொழுப்பு சேர்கிறது.

முதலாவது தோலடிக் கொழுப்பு. விரலால் கிள்ளிப் பிடிக்க முடிகிறதே, அது. சட்டை இறுக்கமாக இருந்தால் வெளியே தெரிவதும் அதுதான்.

இரண்டாவது உள்ளுறுப்புக் கொழுப்பு. வயிற்றுத் தசைக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படிந்திருக்கும். அதைக் கிள்ள முடியாது; கண்ணாடியில் பார்க்கவும் முடியாது.

உடல்நலத்துக்கு அதிகம் தொல்லை கொடுப்பது இந்த இரண்டாவது வகை. அது அளவுக்கு மீறும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். நீரிழிவு, கல்லீரலில் கொழுப்பு, இதய நோய் ஆகியவற்றுக்கான அபாயம் கூடுகிறது.

இதைக் காட்டும் ஓர் ஆய்வு 2004இல் அமெரிக்காவில் வெளியானது. உடல்பருமன் கொண்ட 15 பெண்களின் வயிற்றிலிருந்து அறுவை சிகிச்சை மூலம் சுமார் 10 கிலோ தோலடிக் கொழுப்பு உறிஞ்சி எடுக்கப்பட்டது. 10 கிலோ! தோற்றம் மாறியது. ஆனால் சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, இன்சுலின் செயல்பாடு, ரத்த அழுத்தம், கொழுப்பின் அளவு எதிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை.

வெளியே தெரியும் கொழுப்பை மட்டும் எடுத்துவிட்டால் உடல் ஆரோக்கியமாகிவிடாது என்பதை அந்த ஆய்வு உணர்த்தியது.

நாம் ஏன் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்?

2004இல் வெளிவந்த இன்னொரு கட்டுரையும் மருத்துவ உலகில் பிரபலம். இந்தியாவின் புனே நகரைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின் இருவரும் தங்கள் உடலையே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அது 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் இருவரின் படத்துடன் வெளியானது.

இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றுதான்: 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு. யாஜ்னிக்கிற்கு 21.2 விழுக்காடு. இரண்டு மடங்குக்கும் மேல்!

தெற்காசிய வம்சாவளியினருக்கு ஒரே பிஎம்ஐ அளவில் தசை குறைவாகவும், கொழுப்பு, குறிப்பாக வயிற்றுக் கொழுப்பு, அதிகமாகவும் இருக்கும் போக்கு உண்டு. "நான் ஒல்லிதான், எனக்கென்ன?" என்று நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடையே நீரிழிவு அதிகமாகக் காணப்படுகிறது. நம் வீட்டிலேயே தாத்தாவோ அம்மாவோ மாமாவோ சர்க்கரை மாத்திரை சாப்பிடுவதைப் பார்த்திருப்போம். தொப்பை விஷயம் அழகு சம்பந்தப்பட்டது மட்டுமல்ல என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆசியர்களுக்கான அளவுகோல்கள் இங்கே:

- பிஎம்ஐ 23ஐத் தொட்டாலே அபாயம் கூடத் தொடங்குகிறது, 27.5க்கு மேல் அபாயம் அதிகம்
- இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருப்பது நல்லது
- பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருப்பது நல்லது

அப்போ, தொப்பை ஏன் கடைசியாகக் குறைகிறது?

உடலுக்குச் சக்தி தேவைப்படும்போது அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் கொழுப்பு அணுக்களுக்குச் செய்தி அனுப்புகின்றன: "சேமிப்பை வெளியே விடு!"

அந்தச் செய்தியைப் பெற்றுக்கொள்ள ஒவ்வொரு கொழுப்பு அணுவிலும் இரண்டு வகை ஏற்பிகள் உள்ளன. ஒன்று கொழுப்பை வெளியேற்றத் தூண்டும். மற்றொன்று அதற்குத் தடை போடும்.

உள்ளுறுப்புக் கொழுப்பு தூண்டுதலுக்கு வேகமாகப் பணிகிறது. அடிவயிற்றின் தோலடிக் கொழுப்பில் தடை போடும் ஏற்பிகள் கூடுதலாக இருப்பதால் அது மெதுவாகத்தான் கரைகிறது. பெண்களுக்கு இடுப்பு, தொடைப் பகுதிகளிலும் இதே கதைதான்.

ஆக, நீங்கள் எடை குறைக்கத் தொடங்கும்போது உள்ளே இருக்கும் ஆபத்தான கொழுப்பு ஒப்பளவில் வேகமாகக் குறைகிறது. வெளியே கிள்ளக்கூடிய கொழுப்பு பிடிவாதமாக நிற்கிறது. கண்ணாடியில் தெரிவது அந்தப் பிடிவாதம் மட்டும்தான். உள்ளே நடந்த நல்லது தெரிவதில்லை.

யாருக்கு எந்த இடத்தில் முதலில் குறையும் என்பதை மரபணு, வயது, பாலினம், ஹார்மோன்கள் ஆகியவை தீர்மானிக்கின்றன. நண்பருக்கு இரண்டே மாதத்தில் வயிறு தட்டையானது என்பதற்காக உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்றில்லை.

தினமும் 100 சிட்-அப் செய்தால்?

வயிற்றுத் தசை வலுவாகும். அதன் மேல் படிந்திருக்கும் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது.

1971இல் அமெரிக்காவில் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரண்டு கைகளையும் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். மட்டை பிடிக்கும் கை ஆண்டுக்கணக்கில் கூடுதலாக உழைத்திருக்கிறது. தசையும் பெரிதாக இருந்தது. ஆனால் தோலடிக் கொழுப்பின் தடிமனில் இரு கைகளுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

2011இல் வெளியான மற்றோர் ஆய்வில் 24 பேர் பங்கெடுத்தனர். ஒரு பிரிவினர் 6 வாரத்துக்கு, வாரம் 5 நாள் வயிற்றுக்கான பயிற்சிகளை மட்டும் செய்தனர். வயிற்றுத் தசையின் தாங்கும் திறன் கூடியது. வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை.

வியர்வை பெல்ட் கட்டினால்?

வெளியேறுவது தண்ணீர். இரண்டு கோப்பைத் தண்ணீர் குடித்தால் குறைந்த எடை திரும்ப வந்துவிடும்.

உண்மையில் கரைந்த கொழுப்பு எங்கே போகிறது தெரியுமா? பெரும்பகுதி மூச்சு வழியாகத்தான்! 10 கிலோ கொழுப்பு முழுமையாக எரிந்தால் அதில் சுமார் 8.4 கிலோ கரியமில வாயுவாக வெளியேறுகிறது; மீதி 1.6 கிலோ நீராகிறது.

சரி, என்னதான் செய்வது?

வயிற்றை மட்டும் குறிவைக்க முடியாது. ஆனால் மொத்தக் கொழுப்பு குறையும்போது வயிறும் குறைந்தே ஆக வேண்டும். அதுவரை தாக்குப்பிடிக்கக்கூடிய பழக்கங்கள்தான் தேவை.

*1. முதலில் கோப்பையைப் பாருங்கள்*

உணவங்காடி நிலையத்தில் பராட்டாவைக் குறைக்கிறோம், பக்கத்தில் இருக்கும் பானத்தைக் கவனிக்க மாட்டோம். நியூட்ரி-கிரேட் முறையில் 'டி' தரம் பெறும் பானங்களில் பெரும்பாலும் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கும் மேல் சர்க்கரை இருக்கும். 250 மில்லிலிட்டர் குடித்தால் 25 கிராமுக்கு மேல், அதாவது சுமார் 5 தேக்கரண்டி. திரவமாகப் போகும் சர்க்கரை வயிற்றை நிறைக்காது, பசியும் அடங்காது.

தே தாரிக் இல்லாமல் இருக்கவே முடியாது என்றால் "சியூ டாய்" என்று சொல்லிப் பழகுங்கள். நாக்கு பழகியதும் "கோசோங்"கிற்கு மாறலாம். மதுபானத்திலும் கலோரி அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

*2. தட்டைப் பிரித்துக்கொள்ளுங்கள்*

சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் கணக்கு எளிது. பாதித் தட்டு காய்கறி, பழம். கால் தட்டு மீன், கோழி, முட்டை, பருப்பு, தவ்ஹூ போன்ற புரதம். கால் தட்டு முழுதானியம்.

நம் வீட்டுத் தட்டில் பெரும்பாலும் என்ன நடக்கிறது? முக்கால் தட்டு சோறு, அதன்மேல் குழம்பு, ஓரத்தில் இரண்டு கரண்டி பொரியல். சோற்றையே விட்டுவிட வேண்டியதில்லை. சோறும் பொரியலும் இடம் மாறினால் போதும். "அம்மா, எனக்குப் பொரியல் கூட வைங்க" என்பதிலிருந்து தொடங்கலாம்.

*3. தசையைக் காப்பாற்றுங்கள்*

சாப்பாட்டை மட்டும் குறைத்து எடை குறைக்கும்போது கொழுப்போடு தசையும் குறைகிறது. தெற்காசியர்களுக்கு ஏற்கெனவே தசை குறைவு என்று பார்த்தோம் அல்லவா? அதனால் வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி அவசியம்.

ஜிம்முக்குப் போக வேண்டும் என்றில்லை. உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தண்டால், புளோக்குக்குக் கீழே இருக்கும் உடற்பயிற்சி மூலை, இவையெல்லாம் கணக்குத்தான்.

*4. வாரத்துக்கு 150 நிமிடம் அசையுங்கள்*

வேக நடை, மெதுவோட்டம், நீச்சல், சைக்கிள் எதுவாகவும் இருக்கலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த அளவு மூச்சு வாங்கினால் சரி. ஒரு நல்ல செய்தி: எடை அவ்வளவாகக் குறையாதபோதும் உடற்பயிற்சியால் உள்ளுறுப்புக் கொழுப்பு குறையக்கூடும்.

*5. தூங்குங்கள்*

பலர் சிரித்துவிட்டுக் கடந்துபோகும் ஆலோசனை இது. அமெரிக்காவின் மாயோ கிளினிக் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 12 பேர் இரண்டு வாரத்துக்கு இரவில் 4 மணி நேரம் மட்டும் தூங்க அனுமதிக்கப்பட்டனர். அவர்கள் நாளுக்கு 300 கலோரிக்கும் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். 9 மணி நேரம் தூங்க விட்டபோது இருந்ததைவிட உள்ளுறுப்புக் கொழுப்பு சுமார் 11 விழுக்காடு கூடியது.

இரவு 2 மணிவரை கைப்பேசி, பக்கத்தில் மாகி கோரெங். நமக்கு ரொம்பத் தெரிந்த காட்சிதானே? பெரியவர்களுக்கு 7 மணி நேரத் தூக்கமாவது தேவை.

எடைக் கருவியைவிட அளவு நாடா மேல்

எடை தினமும் ஏறி இறங்கும். உப்பு கூடினால், மாதவிடாய் நெருங்கினால், மலச்சிக்கல் இருந்தால் வயிறு ஊதிக்கூடத் தெரியும். அது கொழுப்பு அல்ல. ஒரே இரவில் தொப்பை வளர்வதில்லை, குறைவதும் இல்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் சாப்பிடுமுன் அளந்து பாருங்கள்:

- கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் நுனிக்கும் நடுவில் நாடாவைச் சுற்றுங்கள்
- இயல்பாக மூச்சை விட்டபின் அளவெடுங்கள்
- வயிற்றை எக்க வேண்டாம். பார்ப்பது நீங்கள் மட்டும்தான்!

நாடா இல்லையா? உங்கள் உயரத்துக்கு ஒரு கயிற்றை வெட்டி, இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். இரு முனைகளும் தொட்டுக்கொண்டால் நல்லது. இடுப்பு, உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

எடை அசையாமல் இடுப்பளவு 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் நீங்கள் தோற்கவில்லை. கொழுப்பு போய்த் தசை வந்திருக்கலாம்.

இரண்டுமே பல வாரங்களாக அசையவில்லையா? உடல் சிறிதாகிவிட்டதால் அதற்குத் தேவைப்படும் கலோரியும் குறைந்திருக்கும். முன்பு எடை குறைத்த அதே அளவு சாப்பாடு இப்போது எடையை நிறுத்தி வைக்க மட்டுமே உதவும். பட்டினி கிடக்காதீர்கள். வார இறுதிச் சாப்பாடு, இடையில் கொறிக்கும் முறுக்கு, பானங்கள் இவற்றை ஒரு வாரத்துக்கு எழுதிப் பாருங்கள். வழி பெரும்பாலும் அங்கேயே தெரியும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே நல்ல வேகம்தான்.

மருத்துவரை எப்போது பார்ப்பது?

- வயிறு திடீரென்று பெரிதானால், கடினமானால், வலித்தால்
- மாதவிடாய் ஒழுங்கற்றுப்போய் எடையும் கூடினால்
- குடும்பத்தில் நீரிழிவு இருந்து, உங்கள் இடுப்பளவும் வரம்பைத் தாண்டினால்
- சாப்பிடவே பயமாக இருந்தால், சாப்பிட்டபின் குற்ற உணர்வு வாட்டினால், வாந்தி எடுக்கத் தோன்றினால்

கடைசியாகச் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தட்டையான வயிற்றுக்காக மனநலத்தை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை.

சமூக ஊடகத்தில் பார்க்கும் 'சிக்ஸ் பேக்' எல்லாருக்கும் வாய்ப்பதில்லை; ஆரோக்கியத்துக்கு அது தேவையும் இல்லை. இடுப்பளவு வரம்புக்குள் இருக்கிறது, ரத்தப் பரிசோதனை முடிவுகள் நன்றாக இருக்கின்றன, மின்தூக்கி பழுதானாலும் 5 மாடி ஏற முடிகிறது என்றால், கொஞ்சம் தொப்பை மிச்சமிருந்தாலும் உங்கள் உழைப்பு வீணாகவில்லை.

அடுத்த முறை கண்ணாடி ஏமாற்றினால், நாடாவை எடுங்கள்.