உஷார்! அந்த ‘டெல்ஃப்ட்’ நெடுந்தீவு இல்லை

நெடுந்தீவுக்கு வெளிக்கிடும் வெளிநாட்டுச் சொந்தங்களே, ரிக்கெற் காசைக் கட்ட முதல் ஒரு நிமிடம். (எங்கள் பக்கத்தில் ‘உசார்’ என்றால் சுறுசுறுப்பு, ஆபத்தென்றால் ‘கவனம்’ என்போம். இந்தப் பயணத்துக்கு இரண்டும் வேணும்.)

சென்னை வழியாக வர நினைத்த ரொறன்ரோ மச்சான் ஒருவர், தூரமும் பறக்கும் நேரமும் சொல்லும் செயலியில் ‘சென்னை – டெல்ஃப்ட்’ என்று அடித்தார். கிட்டத்தட்ட 8,000 கிலோமீட்டர் என்று வந்தது. செயலி அவரை நெதர்லாந்துக்குக் கொண்டுபோய்விட்டது! ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள்: காரைநகர் ஆம்ஸ்டர்டாம், வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம். மற்றதெல்லாம் உதிர்ந்துபோக, நெடுந்தீவில் மட்டும் டெல்ஃப்ட் ஒட்டிக்கொண்டது.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழை. சரியான கணக்குத்தான் ஆளைக் கவிழ்க்கும். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் 350 கிலோமீட்டர் அளவு. 2019 நவம்பரில் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பி வந்த விமான சேவை அது. சின்ன ஏ.டி.ஆர். விமானம், ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலே. பலாலியிலிருந்து நெடுந்தீவு? நேர்கோட்டில் வெறும் 50 கிலோமீட்டர். ‘பத்து மணிக்கு இறங்கினால் மத்தியானச் சாப்பாடு அங்கே’ என்று மச்சான் முடிவே கட்டிவிட்டார்.

அந்த 50 கிலோமீட்டரைக் காகம் பறக்கும். நீங்கள் பறக்க மாட்டீர்கள். குடிவரவு முடித்து, பலாலியிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினம் வந்து, பண்ணைப் பாலத்தால் வேலணை, அங்கிருந்து கடல் நடுவே போகும் வீதியால் புங்குடுதீவு, அதன் முனையில் குறிகட்டுவான் படகுத்துறை. பட்டினத்திலிருந்தே அது 30 கிலோமீட்டருக்கு மேல். நயினாதீவென்றால் இருபது நிமிடத்தில் கொண்டுபோய் விடுவார்கள். ஆனால் அம்மன் திருவிழா நாளில் படகு வரிசையே ஒரு பயணம். நெடுந்தீவுக்குக் கடலில் மட்டும் ஒரு மணித்தியாலம். பிந்திப் போனால் துறையில் நின்று கடலைப் பார்க்கலாம், பார்க்க வடிவுதான்.

ஊர்காவற்றுறைக்குப் போகிறவர்களே, உங்களுக்கும் ஒன்று. காரைநகர்ப் பக்கத்தால் போனால் கிட்ட என்று வரைபடம் காட்டும், ஊர்ச்சனமும் ‘பாதை இருக்கு’ என்பார்கள். தார் ரோட்டைத் தேடாதீர்கள். பாதை என்பது ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கும் மிதவை. திருத்த வேலைக்கு அது நின்ற நாளென்றால் பட்டினம் சுற்றித்தான் வரவேணும்.

எல்லாவற்றையும்விடக் காற்று. சோழகம் எழும்பும் மாதங்களில் நெடுந்தீவுக் கடல் படகைத் தூக்கிப் போடும். கார்த்திகை, மார்கழியில் தாழமுக்கம் வந்தால் படகே ஓடாது. பாதுகாப்பு அங்கியைக் கையில் தந்தால் மடியில் வைத்திருக்காமல் போடுங்கள்.

மச்சான் திரும்பும் விமானத்தையும் தீவை விட்டு வரும் அதே நாளுக்கே போட்டிருந்தார். மாற்றச் சொன்னேன். குறைந்தது ஒரு இரவு பட்டினத்தில் நின்று அடுத்த நாள் பலாலிக்குப் போகவேணும். வெளிக்கிடுவதற்கு முதல்நாள் பின்னேரம் நெடுந்தீவில் இருக்கிற அக்காவுக்கு எடுத்து, “காத்து எப்பிடி?” என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். செயலியில் அதுக்குப் பொத்தான் இல்லை.