'க்ளியர் ஸ்டோரேஜ்' அழுத்தினால் என்ன ஆகும்? உங்கள் செட்டிங்ஸை ஆப்கள் எங்கே வைக்கின்றன?

குண்டடத்தில் இருக்கும் பெரியம்மாவிடமிருந்து போன மாதம் ஒரு போன். "கண்ணு, மாத்திரை ஆப்பு இங்கிலீசுக்கு மாறிப்போச்சு. எழுத்தும் பொடிசாத் தெரியுது. மணியும் அடிக்க மாட்டேங்குது." பிரஷர் மாத்திரைக்கு அந்த ரிமைண்டரை வைத்துக் கொடுத்தது நான்தான். விசாரித்தால், இரண்டு நாளாக ராத்திரி மாத்திரையே போடவில்லை!

'மெமரி ஃபுல்' என்று வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி ஆப்களை ஒவ்வொன்றாகத் திறந்து 'க்ளியர் ஸ்டோரேஜ்' கொடுத்திருக்கிறார். உதவி செய்யத்தான் செய்தார்.

அப்படி என்ன அழிந்தது?

ரொம்பச் சின்ன ஃபைல்தான். பனியன் கம்பெனியில் கட்டிங் முடிந்த பண்டலில் சைஸ், கலர், பீஸ் கணக்கு எழுதிச் சீட்டு கட்டுவார்கள் இல்லையா, அது மாதிரி. மொழி: தமிழ். எழுத்து: பெரியது. இரவு மணி: 8.30. ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு, அவ்வளவுதான்.

ஆண்ட்ராய்டில் இதற்கு 2008-ல் இருந்தே 'ஷேர்டு ப்ரிஃபரன்ஸஸ்' என்ற வசதி இருக்கிறது. பெயரில்தான் 'ஷேர்டு', உண்மையில் அந்த எக்ஸ்எம்எல் ஃபைல் அந்தந்த ஆப்பின் சொந்த ஃபோல்டரில் இருக்கும், சாதாரணமாக வேறு ஆப் எட்டிப் பார்க்க முடியாது. ஐபோனில் இதே வேலையைச் செய்வது 'யூசர் டிஃபால்ட்ஸ்'.

'க்ளியர் கேஷ்' கொடுத்தால் தற்காலிக ஃபைல்கள் மட்டும் போகும். 'க்ளியர் ஸ்டோரேஜ்' (சில போன்களில் 'க்ளியர் டேட்டா') அந்த ஃபோல்டரையே காலி செய்துவிடும். ஆப் போட்டு வைத்த அலாரங்களும் சேர்ந்து போய்விடும்.

சரி, ஏன் இங்கிலீஷ்?

ஆப் திறந்ததும் "மொழி என்ன?" என்று ஃபைலைக் கேட்கும். பதில் இல்லை என்றால் எதை எடுத்துக்கொள்வது என்பதையும் டெவலப்பர் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார். இங்கே அவர் எழுதியது இங்கிலீஷ். பெரியம்மாவின் போன் முழுக்கத் தமிழில்தான் இருக்கிறது. போனின் மொழியை எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. சின்ன வேலைதான், யாரும் செய்யவில்லை.

நேற்று மாற்றிய செட்டிங் இன்று பழையபடி நிற்கிறதா? அதற்கும் காரணம் உண்டு. பல ஆப்கள் மாற்றத்தை உடனே மெமரியில் வைத்துவிட்டு, ஃபைலில் எழுதுவதைப் பின்னணியில் செய்கின்றன. அந்த நொடியில் போன் ஆஃப் ஆனால் போச்சு. 2021-ல் கூகுள் முழுமையாக வெளியிட்ட 'டேட்டாஸ்டோர்', எழுதி முடிந்ததா இல்லையா என்பதை ஆப்புக்குச் சொல்லும்.

திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கலாம். ஆண்ட்ராய்டு 6.0-ல் இருந்து, பேக்கப் ஆன் செய்திருந்தால், ஆப் ஒன்றுக்கு 25 எம்பி வரை கூகுள் கணக்கில் சேமிக்கப்படும். ஆப்பும் அதை அனுமதித்திருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: டேட்டாவை அழித்த பிறகு சும்மா காத்திருந்தால் எதுவும் வராது, ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யும்போதுதான் பழையது வரும். லேட் பண்ணினால், காலியான செட்டிங்ஸே அடுத்த பேக்கப்பாக மேலே ஏறிவிடும்.

பெரியம்மா போனில் பேக்கப் ஆஃப். வீடியோ காலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப வைத்தோம். நேரத்தை டெய்லி காலண்டர் அட்டையில் பேனாவால் எழுதியும் வைத்திருக்கிறாராம்.