காட்டுத் தீயின் கணக்கு: குரங்கணி சொல்லும் பாடம்

கடையில் ஒரு மூட்டைச் சரக்கு கெட்டுப்போனால் அன்றிரவே அதை நஷ்டக் கணக்கில் எழுதிவிடுகிறோம். மறுநாள் காலையில் கடை திறந்து வியாபாரத்தைக் கவனிக்கிறோம். ஆனால் எழுத முடியாத நஷ்டங்களும் உண்டு. அவற்றில் முதன்மையானது தீயினால் வரும் நஷ்டம். அதிலும் காட்டுத் தீயின் நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் முழுமையாக ஏறுவதில்லை.

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி, மாசி மாதக் கடைசியில், போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில் நடந்ததை நம் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து மலையேற்றத்திற்கு வந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் கொழுக்குமலையிலிருந்து இறங்கி வரும்போது தீயில் சிக்கினர். அவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர், பெண்கள் அதிகம். குரங்கணி சுற்றுவட்டார மக்களே முதலில் ஓடிச் சென்று, கிடைத்த துணியில் தொட்டில் கட்டிக் காயம்பட்டவர்களைச் சுமந்து வந்தனர். பிறகு விமானப் படை ஹெலிகாப்டர்கள் வந்தன. 9 பேர் மலையிலேயே இறந்துபோயினர். பலர் நம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அடுத்தடுத்த நாட்களில் மருத்துவமனைகளிலும் உயிர்கள் பிரிய, இறந்தோர் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது.

மேல்நோக்கி ஓடும் தீ

சமவெளியில் உள்ள நமக்குத் தீ என்றால் அணைத்துவிடலாம் என்ற எண்ணம் உண்டு. மலைச் சரிவில் அது பலிக்காது. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு முடிந்துவிடுகிறது. தை, மாசியில் ஆளுயரப் புல் காய்ந்து வைக்கோல் போலாகிறது. கீழே தீப்பற்றினால் அதன் அனல் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். அதனால் தீ சரிவில் மேல்நோக்கி ஓடுகிறது. காற்றும் சேர்ந்துகொண்டால் மனிதன் ஓடும் வேகம் போதாது. புகையில் பாதை தெரியாமல் பள்ளத்தை நோக்கி ஓடியவர்களும் உண்டு.

குரங்கணிக்குப் பின் ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் அரசு விசாரணை நடத்தியது. மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு 2018லேயே விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படி திறந்தது. 2025இல் தீப்பருவம் என்று பிப்ரவரி 15 முதல் இரண்டு மாதங்களுக்கு அவற்றை மூடி வைத்தது. உயிர் போன பின் வந்த ஏற்பாடுதான். ஆயினும் வந்ததே என்று கொள்ள வேண்டும்.

மலை எரிந்தால் மதுரைக்கு என்ன?

சிம்மக்கல்லில் கடை வைத்திருக்கும் நமக்குக் குரங்கணி எங்கோ இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் குரங்கணிப் பக்கத்து மலைகளின் தண்ணீர் கொட்டக்குடி ஆறாக இறங்கித் தேனி அருகே வைகையில் சேர்கிறது. அது 1959இல் திறக்கப்பட்ட வைகை அணைக்குப் போய், அங்கிருந்து நம் நகரின் குடிநீர்க் குழாய்க்கும் வருகிறது. புல்லும் புதரும் எரிந்து வேர் பிடிப்பு போன மலையில் அடுத்த மழை பெய்தால் மேல்மண்ணும் சாம்பலும் ஓடைக்கு இறங்கிவிடும். மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடும் தன்மையை மலை இழக்கிறது. மழைக் காலத்தில் வெள்ளம், கோடையில் வறட்சி, அணையில் வண்டல் என்று இந்த நஷ்டம் பல ஆண்டுகள் தொடரும்.

வியாபாரத் தொடர்பும் பழையது. நூறாண்டுகளுக்கு முன் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டக்குடிக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வந்தது. இன்றும் நாம் விற்கும் ஏலக்காயின் விலை போடியிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலத்தில்தான் நிர்ணயமாகிறது. மர நிழலும் ஈரமும் இல்லாவிட்டால் ஏலச்செடி இல்லை. 2018 வெள்ளத்திற்கும் அதன் பின் வந்த வறட்சிக்கும் பிறகு, 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அது தீயினால் வந்த விலை அல்ல. ஆனாலும் மலைக்கு ஒரு கேடு வந்தால் அது நம் விலைப் பலகையில் தெரியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஒரு நாடே எரிந்த கதை

காட்டுத் தீ முற்றினால் எவ்வளவு தூரம் போகும் என்பதை ஆஸ்திரேலியா காட்டியது. 2019-20 கோடையில் அங்கே 2 கோடியே 40 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்ததாக அந்நாட்டு அரசின் விசாரணை ஆணையம் கூறியது. தீயில் நேரடியாக இறந்தவர்கள் 33 பேர். எரிந்த வீடுகள் 3,000க்கு மேல். ஆனால் பல நூறு மைல் பரவிய புகையினால் மேலும் 400க்கும் அதிகமானோர் இறந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். மடிந்தோ இருப்பிடம் இழந்தோ பாதிக்கப்பட்ட விலங்குகளும் பறவைகளும் ஏறத்தாழ 300 கோடி என்பது மற்றொரு மதிப்பீடு. தீயின் முதல் நாள் கணக்கு எப்போதும் குறைவாகவே இருக்கும் என்பதற்கு இது உதாரணம்.

நம் வாசலில் தீ

குரங்கணித் தீக்கு 37 நாட்கள் முன்பு, 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு, மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்துப் பல கடைகள் எரிந்தன. மண்டபக் கூரையின் ஒரு பகுதியும் இடிந்தது. 2020 நவம்பர் 14, தீபாவளியன்று அதிகாலையில், விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இருவர் கட்டடம் இடிந்து உயிரிழந்தனர். காடாயினும் கடையாயினும் தீ ஒன்றுதான். முன்கூட்டிச் செய்யும் ஏற்பாடு மட்டுமே பயன் தரும். ஆகவே தை முடிவதற்குள் ஒவ்வொரு வணிகரும் கீழ்க்கண்டவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, இன்சூரன்ஸ். பழைய முறைத் தீ விபத்துப் பாலிசியில் புதர்த் தீக்கு ஈடு உண்டு. காட்டுத் தீக்குத் தனியே பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. 2021 ஏப்ரல் முதல் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள இடங்களுக்குப் பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி வந்துள்ளது. மலையடிவாரத்தில் கிட்டங்கி வைத்திருப்போர் தம் பாலிசியில் காட்டுத் தீ இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கமிஷன் மண்டிக்காரர்கள், பிறர் ஒப்படைத்த சரக்கும் பாலிசியில் சேர்ந்துள்ளதா என்று பாருங்கள்.

இரண்டாவது, தொகை. 20 லட்சம் ரூபாய் இருப்பு வைத்துக்கொண்டு 10 லட்சத்திற்கு மட்டும் பாலிசி எடுத்தவருக்கு 4 லட்சம் நஷ்டமானால், விகிதாசாரப்படி 2 லட்சம்தான் கிடைக்கும். சேர்த்துச் சொன்ன புதிய பாலிசியில் 15 சதவீதக் குறைவு வரை விட்டுக்கொடுக்கிறார்கள். அதற்கு மேல் இல்லை. பிரீமியத்தில் மிச்சம் பிடித்தது தீ நாளில் பல மடங்காகக் கழியும். இருப்புக் கணக்கின் நகல் ஒன்று கடைக்கு வெளியே இருக்கட்டும்.

மூன்றாவது, சுற்றுப்புறம். நகருக்கு வெளியே கண்மாய்க் கரையோரம் கிட்டங்கி வைத்திருப்போர் சுற்றிலும் காய்ந்த புல்லையும் சீமைக் கருவேலையும் வெட்டி இடைவெளி விடுங்கள். வனத்துறை மலையில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும் இதே நோக்கத்தில்தான். காலிச் சாக்கையும் அட்டைப்பெட்டியையும் கொளுத்துவதை அறவே நிறுத்துங்கள்.

நான்காவது, நம் லாரிகள். போடிமெட்டு மலைப்பாதையில் சரக்கேற்றிச் செல்லும் டிரைவர்களிடம் பீடித் துண்டை வெளியே வீச வேண்டாம், சாலையோரம் அடுப்பு மூட்ட வேண்டாம் என்று முதலாளியே வாய் திறந்து சொல்ல வேண்டும். நம் நாட்டில் காட்டுத் தீ பெரும்பாலும் மனிதன் கையால் மூள்வதே. வழியில் புகை கண்டால் 101க்கோ 112க்கோ உடனே சொல்ல வேண்டும்.

எரிந்த சரக்குக்கு ஈடு கிடைக்கலாம்; எரிந்த கடையை மீண்டும் கட்டலாம். குரங்கணியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்கு எந்தத் தொகையும் ஈடாகாது. ஒரு பீடித் துண்டை அணைக்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை நம் கடை ஊழியர்களுக்கும் டிரைவர்களுக்கும் பழக்கிவிடுவது நம் கடமை.