ஆறுமணிக் குருவி வந்தாயிற்று

“பால்கனியில் பச்சை, நீலம், சிவப்பு என்று கலர் கலராக ஒரு குருவி மயங்கிக் கிடக்கிறது. யாராவது வளர்த்ததாக இருக்குமோ?” என்று வேளச்சேரி வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை அம்மா, அது காட்டுப் பறவை. பெயர் ஆறுமணிக் குருவி. ஐப்பசி பிறந்தால் கிண்டிக்கு வந்துவிடும்.

பிட்டா என்னும் இந்தக் குடும்பத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை தென்கிழக்காசிய மழைக்காடுகளில் வாழ்பவை. நம்முடையது இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வருகிறது.

உடம்பு மைனாவைவிடச் சிறியது. வால், வெட்டிவிட்டதுபோல் குட்டை. கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வெள்ளைத் தொண்டை, பச்சை முதுகு, தோளில் மின்னும் நீலம், சந்தன நிற வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை இருந்தும் எளிதில் கண்ணில் படாது. சிவப்பு அடியில் ஒளிந்திருக்க, பச்சை முதுகு மர நிழலோடு கலந்துவிடும். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் தலையைப் பின்னுக்குச் சாய்த்து இரட்டைச் சீழ்க்கை அடிக்கும்போதுதான் இருப்பதே தெரியும். ஒன்று கூவினால் சற்றுத் தள்ளி இன்னொன்று பதில் கொடுக்கும்.

எனக்குத் தீராத வியப்பு இதுதான்: பகலெல்லாம் தரையில் தத்தித் தத்தி, கீரை ஆயும் என் அத்தையைப்போல் ஒவ்வொரு சருகாகப் புரட்டிப் புழு பொறுக்குகிற பறவை, வலசைக் காலத்தில் இரவோடு இரவாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறக்கிறது. களைத்து இறங்கும் நேரத்தில் நம் விளக்குகள் திசையைக் குழப்புகின்றன; கண்ணாடிச் சுவரில் மோதி விழுகிறது.

1978-இல் தேசியப் பூங்காவான கிண்டிக் காடு மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. பக்கத்து ஐஐடி வளாகமும் அடையாறு தியசாபிகல் சொசைட்டி தோட்டமும் இந்தக் குருவிக்குப் புகலிடம் தருகின்றன. நாமோ மரத்தடிச் சருகைக் குப்பை என்று கூட்டிக் கொளுத்துகிறோம். அதற்குள் இருக்கும் மண்புழுவும் வண்டும்தான் இதன் சாப்பாடு. தோட்டத்தில் ஒரு மூலையையாவது கூட்டாமல் விடுங்கள்.

விழுந்து கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் இருட்டில் வையுங்கள். ஓரிரு மணி நேரத்தில் தெளிந்தால் மரங்கள் அடர்ந்த இடத்தில் விட்டுவிடுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.