அம்மாவின் அடுப்பு மேடை

கராச்சர்மாவில் எங்கள் வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்கிறோம். அடுப்பு மேடைக்கு அப்பா விரும்பியது வெண்பளிங்கு. சென்னையிலிருந்து கப்பலேறி வரும் கல். தவறினால் அம்மாவின் சேமிப்பு வீண்.

பளிங்குத் துண்டொன்றில் எலுமிச்சைச் சாறு சொட்டினேன். நுண்குமிழிகள் எழுந்தன, துடைத்ததும் மெருகு மங்கியிருந்தது. ஏன்? பளிங்கு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் அதனைக் கரைத்துக் கரியமில வாயுவை வெளியேற்றும். நம் புளியிலும் டார்ட்டாரிக் அமிலம் உண்டே! கடினத்திலும் மோஸ் அளவில் பளிங்கு 3, கத்தி கீறிவிடும். கிரானைட்டிலுள்ள பெல்ஸ்பார் 6, குவார்ட்சு 7, புளிக்கும் அஞ்சாது.

ஆனால் கறுப்பெல்லாம் கிரானைட் அன்று. கடப்பைக் கல்லும் சுண்ணாம்புக் கல்லே. ஆதலால் வாங்குமுன் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அப்பாவும் பார்த்தார், கிரானைட்டுக்கு இசைந்தார்.