தலைக்கும் நெஞ்சுக்கும் ஒரே பூட்டு

உச்சி வேளையில் மாமல்லபுரத்து ஐந்து ரதங்களின் முன்னே நின்றிருக்கிறீர்களா? மணலிலும் பாறையிலும் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கூசவைக்கும். ஒற்றைத் தலைவலி உடையவர்களுக்கு அந்தக் கூச்சமே போதும். சென்ற ஆண்டு செங்கல்பட்டிலிருந்து மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றபோது, மாணவி ஒருத்திக்கு வலி தொடங்கிற்று. மருத்துவர் தந்திருந்த சுமட்ரிப்டான் மாத்திரையை விழுங்கினாள். இரண்டு மணி நேரத்தில் தெளிந்தாள். இதைக் கண்ட எங்கள் ஆய்வக உதவியாளர், "எனக்கும் மண்டை இடிக்குதும்மா, ஒண்ணு குடு" என்று கை நீட்டினார். அவர் நெஞ்சுவலிக்கு மருந்து உண்பவர். நான் தடுத்துவிட்டேன்.

ஏன் தடுத்தேன்? பருப்பிலும் பாலிலும் டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலம் இருக்கிறது. அதிலிருந்து நம் உடல் செரோட்டோனினைச் செய்துகொள்கிறது. டிரிப்டமைன் மூலக்கூற்றின் 5-ஆம் இடத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்து ஒட்டியிருந்தால் அதுவே செரோட்டோனின். இரத்தக் குழாயைச் சுருக்கும் பொருளைத் தேடியபோது, 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இதைப் பிரித்தெடுத்தார்கள்.

செரோட்டோனின் சாவி என்றால், செல்களின் மேலுள்ள ஏற்பிகள் பூட்டுகள். அவற்றில் 14 வகைகள் உண்டு. ஒன்று குடலை அசைக்கும். ஒன்று குமட்டலைத் தூண்டும். ஆகவே செரோட்டோனினையே ஊசியாகப் போட்டால் தலைவலி தணியும், ஆனால் வேறு தொல்லைகள் கூடவே வரும். இங்கிலாந்தின் கிளாக்ஸோ நிறுவனத்தில் பேட்ரிக் ஹம்ஃப்ரி குழுவினர் சில பூட்டுகளை மட்டும் திறக்கும் சாவியைத் தேடினார்கள். அதே டிரிப்டமைனின் 5-ஆம் இடத்தில் கந்தகம் கொண்ட தொகுதி ஒன்றைப் பொருத்தினார்கள். 1991-இல் விற்பனைக்கு வந்த சுமட்ரிப்டான் அதுதான்.

இது முக்கியமாக 1பி, 1டி என்னும் இரு ஏற்பிகளில் பொருந்துகிறது. முதலாவது மூளையுறையின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இரண்டாவது நரம்பு முனைகளிலிருந்து வலிக்குக் காரணமான பொருள் கசிவதைத் தடுக்கிறது. எதன் பங்கு பெரிது என்பதில் இன்னும் வாதம் உண்டு.

1பி பூட்டு இதயத் தமனிகளிலும் இருக்கிறதே, அங்கேதான் சிக்கல். இனி என் பாடத்துக்கு வருகிறேன். குழாயில் பாயும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் 0.9-இன் நான்காம் படி, அதாவது சுமார் 0.66, மூன்றில் ஒரு பங்கு ஓட்டம் போய்விட்டது! இரத்தம் தண்ணீரல்ல, தமனியும் இரும்புக் குழாயல்ல. கணக்கு அப்படியே பொருந்தாது. நல்ல தமனி இந்தச் சிறு சுருக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே கொழுப்படைத்த தமனிக்கு அது மாரடைப்பாகலாம். எனக்கும் ஒற்றைத் தலைவலி உண்டு. இம்மாத்திரை எழுதுமுன் மருத்துவர் முதலில் கேட்டது நெஞ்சைப் பற்றித்தான்.

உதவியாளருக்கு வந்தது வெயில் தலைவலி. நிழலில் உட்காரவைத்து இரண்டு இளநீர் கொடுத்தோம், சரியாயிற்று.